ஆறாம் நிபந்தனையும் சர்வேசுரனும்

7 செப்டெம்பர் 1971, செவ்வாய். ஊர்காவற்றுறை.

காலையில் இரண்டு சீதன உறுதிப் பத்திரங்கள் எழுதினேன். மத்தியானம் சூடைமீன் தீயல். வயிறு சற்றுக் கனம்.

நாலரைக்குச் சில்வெஸ்ரர் வந்தார். கரையில் இரண்டு வள்ளம் வைத்திருப்பவர். நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலில் தலைகாட்டுபவர். கையில் ஓர் உறுதியின் பிரதி. 1957இல் அவருடைய சிற்றப்பன் பிலிப்பு, அந்தோனியார் சிற்றாலயத்துக்கு நாலு பரப்புக் காணியைத் தருமசாதனம் செய்த உறுதி. எழுதிய நொத்தாரிசு நான்.

"ஆறாம் நிபந்தனையை ஒருக்கா வாசியுங்கோ ஐயா," என்றார்.

வாசித்தேன். "மேற்படி ஆலயத்தில் சர்வேசுரன் என்னும் திருநாமத்தைச் சொல்லி மனதார மன்றாடுவது ஒரு வருடமும் ஒரு நாளும் தொடர்ச்சியாக அற்றுப்போகுமாயின், காணி கொடையாளியின் உரித்தாளரைச் சேரும்."

"சித்தப்பருக்குப் பிள்ளையில்லை. உரித்தாளன் நான். போன வருசம் நவம்பர் இருபத்தொன்பது, ஆகமன காலத்து முதல் ஞாயிறு, புதுப் பூசைப் புத்தகம் வந்தது. அந்த நாளில இருந்து அந்தக் கோயிலில ஒருத்தரும் சர்வேசுரன் எண்டு சொல்லேல்ல. இறைவன் எண்டினம், கடவுள் எண்டினம், ஆண்டவர் எண்டினம். வாற நவம்பர் முப்பதோட வருசமும் நாளும் சரி."

காணியில் இறால் கொம்பனிக்குக் கொட்டில் போடப்போகிறாராம். பேச்சு முடிந்துவிட்டதாம்.

பரிசீலித்துப் பதில் சொல்வதாகச் சொன்னேன். பரிசீலிக்க ஏதுமில்லை. என் வாசகத்தில் ஓட்டை இருப்பதில்லை.

8 செப்டெம்பர்

அந்த நிபந்தனையின் காரணம் நினைவில் இருக்கிறது. பிலிப்பு என் மேசைக்கு முன் இதே கதிரையில் இருந்து, "வேற மிசன்காரர் வந்து பூந்திடுவினம் ஐயா, இறுக்கிக் கட்டுங்கோ," என்றார். அவர்கள் பராபரன் என்பர், கர்த்தர் என்பர், யெகோவா என்பர். சர்வேசுரன் என்பவர்கள் கத்தோலிக்கரான நாங்கள் மட்டுமே. ஆகவே அந்தப் பெயரையே வேலியாகப் போட்டேன். அன்று வீடு போய் என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

எங்கள் திருச்சபையே அந்த வேலியைத் தாண்டிப் போகும் என்று எந்த நொத்தாரிசு எதிர்பார்ப்பான்?

12 செப்டெம்பர், ஞாயிறு

பூசைக்குப் பின் ஆலயத்தின் பின்புறம் போனேன். கத்தரீனாவின் குடிசை அங்கேதான். புருசன் கடலோடு போய்ப் பதினொரு வருடம். திறப்பு, மணி, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. காணி போனால் குடிசையும் போகும். போக வேறு இடம் இல்லை.

செபிக்கும்போது பழைய பெயரை எப்போதாவது சொல்வதுண்டா என்று பொதுவாகக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

"நானோ? நான் விட்டிட்டன் ஐயா. பழைய பேர் வேண்டாமெண்டு சுவாமி பிரசங்கத்தில சொன்னவரெல்லே. முந்தி வாய் தவறி வந்திடும் எண்டு நாக்கைக் கடிச்சுக்கொண்டுதான் கும்பிட்டனான். நாக்குப் புண்ணாப் போச்சு. இப்ப வராது."

பெருமையாகச் சொன்னார். நானும் "நல்லது" என்றேன்.

கீழ்ப்படிவே அவருடைய வீட்டைத் தின்னப்போகிறது. விஷயத்தைச் சொல்லியிருக்கலாமோ? சொன்னால், பிறகு அவர் சொல்லும் பெயர் குடிசைக்காகச் சொன்ன பெயராகிவிடும். குறுக்கே 'மனதார' என்ற சொல் நிற்கிறது. அதை ஏன் போட்டேன்? வாசகத்துக்கு ஓர் அழகு வரட்டும் என்று.

20 செப்டெம்பர்

பங்குச்சுவாமியிடம் போனேன். நிபந்தனையை வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். குடிசையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பேருக்குச் சண்டை பிடிக்கிறியள். மூல எபிரேயத்தில கடவுளின்ர பேர் நாலு எழுத்து. எழுதியிருக்கும், யூதர் வாயால சொல்லமாட்டினம். அந்த இடம் வர ஆண்டவர் எண்டு மாத்தி வாசிப்பினம்."

"எழுதியிருக்கிறதை விட்டிட்டு வேறொண்டை வாசிச்சால் பதிவுக் கந்தோரில திருப்பி அனுப்பிப்போடுவினம், சுவாமி."

"மோயீசன் கடவுளிட்டயே நேர பேர் கேட்டவர். 'இருக்கிறவர் நாமே' எண்டு மறுமொழி வந்தது. அவர் உம்மட கந்தோருக்கு வந்து அப்பிடிச் சொன்னால் உறுதியில எப்பிடி எழுதுவீர்?"

"தகப்பன் பெயரும் வதிவிடமும் கேட்பன்," என்றேன்.

சுவாமி நெடுநேரம் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பிறகு, "நானே ஒரு நாள் பின்னேரம் சிற்றாலயத்தில போய்ப் பழைய பேரைச் சொல்லிச் செபிச்சால்?" என்று கேட்டார். வழக்கில் சத்தியம் செய்வித்து 'ஏன் சொன்னீர்' என்று வினவினால் என்ன சொல்வார் என்று கேட்டேன். யோசித்தார்.

"காணிக்காகச் சொன்னனான் எண்டுதான் சொல்லவேணும்."

ஆகவே அது செல்லாது. நேர்மையான சாட்சி, ஆனால் எதிர்த்தரப்புக்கு.

3 ஒக்டோபர், ஞாயிறு

செபமாலை மாதம் தொடங்கிவிட்டது. சில்வெஸ்ரர் முன்வரிசை வாங்கில், கையில் கொப்பியுடன். யாராவது பழைய பெயரைச் சொல்கிறார்களா என்று காவல். நாள்தோறும் வருகிறார். கரையில் இதைப் பெரிய மனமாற்றம் என்கிறார்கள். திருநாளுக்குச் சுரூபம் தூக்க அவரைக் கேட்கப்போகிறார்களாம்.

17 ஒக்டோபர், ஞாயிறு

செபமாலையில் இன்னாசித்தம்பி, எண்பது வயதுக் கிழவர், பழக்க தோஷத்தில் "சர்வே" வரை வந்துவிட்டார். சில்வெஸ்ரர் ஓர் இருமல் எடுத்தார், மெழுகுதிரி அணைந்தது. கிழவர் திடுக்கிட்டு, "ஆண்டவரே," என்று முடித்தார்.

வீடு வந்து, அரைப்பெயர் செல்லுமா என்று ஆராய்ந்தேன். செல்லாது.

18 ஒக்டோபர்

செல்லாதுதான்.

5 நவம்பர்

கத்தரீனா வழியில் மறித்தார். சில்வெஸ்ரர் நூல் பிடித்துக் குடிசையை அளந்தாராம். "என்ர வீட்டை ஏன் ஐயா அளக்கிறார்? திருநாளுக்குப் பந்தல் போடவோ?"

"விசாரிச்சுச் சொல்லுறன்," என்றேன். உறுதி எழுதியவன் விசாரிக்கப் போகிறானாம்.

24 நவம்பர், புதன்

காலை முதல் கடும் காற்று. கந்தோர் ஓடுகள் இரண்டு பறந்தன. விடியப் போன வள்ளங்களில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. அதில் சில்வெஸ்ரரின் மூத்த மகன் குருசுமுத்துவும் இன்னும் இருவரும்.

25 நவம்பர்

செய்தியில்லை. கரை முழுக்கச் சனம். சில்வெஸ்ரரைக் கண்டேன். பேச்சுக் கொடுக்கத் துணியவில்லை.

26 நவம்பர், வெள்ளி

மூவரும் உயிரோடு. நெடுந்தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். லோஞ்சுப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பின்னேரம் வீடு சேர்ந்தார்கள்.

30 நவம்பர், செவ்வாய்

இன்று ஒரு வருடமும் ஒரு நாளும். நான் அறிந்தவரை பெயர் சொல்லப்படவில்லை. நிபந்தனை, எழுதியவன் எழுதியபடியே, பிசகில்லாமல் வேலை செய்திருக்கிறது.

என்னத்தைச் செய்துபோட்டன். ஒரு பொம்பிளையின்ர குடிலைப் பிடுங்கவோ இவ்வளவு கவனமா எழுதினது? நாளைக்குச் சில்வெஸ்ரர் வந்து வழக்கை எழுதித் தாங்கோ எண்டு கேட்டால் எந்த முகத்தோட மாட்டன் எண்டு சொல்லுறது?

1 டிசம்பர், புதன்

வந்தார். உட்காரவில்லை.

"வழக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அது பிழைச்சுப்போச்சு. பேர் சொல்லியாச்சு."

"ஆர் சொன்னது?"

"நான்தான். வியாழக்கிழமை பின்னேரம், கோயிலுக்குள்ள."

"ஆரும் கேட்டவையோ?"

"ஒருத்தருமில்லை. கத்தரீனா அக்கா கரையில நிண்டவ."

சாட்சியில்லாத ஒன்றை அவராகச் சொன்னாலன்றி எந்த நீதிமன்றமும் அறியமாட்டாது. வாய் திறவாதிருந்தால் காணி அவருக்கே. இதை எடுத்துரைப்பது என் தொழிற்கடமை. மனம் வராமல் எடுத்துரைத்தேன்.

"தெரியும் ஐயா. முதல் புதுப் புத்தகத்தில கிடக்கிறமாதிரித்தான் தொடங்கினனான். இறைவா எண்டு பார்த்தன். கச்சேரிக்கு மனுக் குடுக்கிறமாதிரி இருந்தது. பிறகு வாயில பழையதுதான் வந்தது. கூப்பிட்டனான், பொடியன் வந்திட்டான். இனிப்போய்க் கூப்பிடேல்ல எண்டு சொல்ல ஏலாது."

"மனதாரவோ?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாசகத்தில் இருக்கிறது.

"உங்களுக்குப் பிள்ளையள் இல்லையெல்லே ஐயா," என்றார்.

கேள்வியை மீளப் பெற்றுக்கொண்டேன்.

பிறகுதான் கதிரையில் இருந்தார். அடுத்த பரம்பரையிலும் இந்தக் கரைச்சல் வரக்கூடாது, தன் உரித்தை முழுக்க விட்டுக்கொடுத்து எழுதித் தரும்படி கேட்டார். இறால் கொம்பனிக்கு என்ன சொல்வார் என்று கேட்டேன். "வேற கரை பாக்கட்டும்," என்றார்.

11 டிசம்பர், சனி

சில்வெஸ்ரரின் உரித்து விடுதலை உறுதி இன்று கைச்சாத்தாயிற்று. சுவாமி ஒரு சாட்சி, இன்னாசித்தம்பி மற்றச் சாட்சி. நிபந்தனைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். முப்பது வருடத் தொழிலில் நான் நிபந்தனையின்றி எழுதிய முதல் உறுதி. அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது. ஏதும் விடுபட்டதோ என்று இரண்டு தடவை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பின்னேரம் ஆலயப் பக்கமாக நடந்தேன். குருசுமுத்து கத்தரீனாவின் கூரையில் ஏறி நின்று கிடுகு வேய்ந்துகொண்டிருந்தான். தகப்பன் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கத்தரீனா எனக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அளந்தது இதுக்குத்தானாம் ஐயா," என்றார்.

"ஓம்," என்றேன்.