பஃபலோக்காரனை ஏன் கடைசியில் வைத்தீர்கள்

மினியாபொலிஸ்
ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வெர்னா அத்தை இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அன்று வாசலில் உங்களிடம் சொன்னதை நான் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளறையில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நீங்கள் அடுப்படியில் வானொலிப் பெட்டியில் காதை வைத்து ஃபுட்பால் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் நீங்கள் நிலவறைப் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதை அத்தை எழுதியிருந்தார். இனி ஒரு குளிர்காலம் அந்த வீட்டில் தனியாக வேண்டாம். நான் புது வீட்டுக்கு மாறியிருக்கிறேன், தரைத்தளம், ஓர் அறை கூடுதல். வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறோம். நிஜ ஃபுட்பால் ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கொரு அணியைக் காகிதத்தில் கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் எடுக்கும் புள்ளி நமக்குச் சேரும். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்க மட்டும் மைதானத்துக்கு வரும் கிக்கரை எல்லோரும் கடைசியில்தான் எடுப்பார்கள். போன வருடம் நான் எடுத்த கிக்கர் ஆட்டத்தைவிட்டே ஓய்ந்து போனவன் என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது. "அடுத்த வருஷம் கல்லறைத் தோட்டத்துல தேடிப் பாரு மார்லிஸ், சல்லிசா கெடைப்பான்" என்றான் கணக்குப் பிரிவு டுவைன். அறையே சிரித்தது. இந்த முறை எனக்குக் கிக்கர்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்கள். உங்களைவிட அதிக உதைகளை ஞாபகம் வைத்திருப்பவர் யாரும் எனக்குத் தெரியாது.

மகள்,
மார்லிஸ்


ஆல்டர் க்ரீக், விஸ்கான்சின்
ஜூலை 29

என் மகள் மார்லிஸுக்கு,

நான் சொல்ல வெர்னா எழுதுகிறாள். நலமாக இருக்கிறேன். இடுப்பு மழைக்கு முன்னால் மட்டும் பேசுகிறது. சோளம் இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது, தின்னத்தான் ஆள் இல்லை. "நான் ஆளு இல்லையா, கிழவா?" என்று வெர்னா கேட்கிறாள். அதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கிக்கர் விஷயத்தில் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பலமான அணியின் கிக்கரை எடுக்காதே. அந்த அணி பந்தோடு கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விடும், அவனுக்கு வேலை இருக்காது. உதவாத அணியும் வேண்டாம், கோட்டுப் பக்கமே வராது. வீட்டு வாசல்வரை வந்து சாவியைத் தொலைக்கிற அணி ஒன்று உண்டு பார், அதன் கிக்கர்தான் உனக்குச் சோறு போடுவான்.

அதனால் முதலில் டென்வர்க்காரன். மலை ஊர், காற்று மெலிது, பந்து மிதக்கும். அடுத்து உன் ஊர்க்காரனே. கூரைக்குக் கீழே உதைக்கிறான், மழை பனி அவனுக்கு இல்லை. வெளியூர் போகும் வாரம் மட்டும் அவனை உட்காரவை. பிறகு டல்லாஸ், கன்சாஸ் சிட்டி. சிகாகோக்காரன் நல்லவன், ஏரிக் காற்றுதான் கெட்டது, அவனை எட்டாவதாக வை. மற்றவர்களை நீயே நிரப்பிக்கொள். கடைசியில் பஃபலோக்காரன். எல்லோருக்கும் கீழே.

அங்கே நான் வரமாட்டேன். ஜன்னலோரக் கட்டிலும் பச்சை விளக்கும் எனக்கு எதற்கு. கோபத்தில் சொல்லவில்லை.

அப்பா
X


மினியாபொலிஸ்
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வரிசையைச் சாப்பாட்டு வேளையில் டுவைனிடம் காட்டினேன். அவன் வாங்கும் பத்திரிகையில் பஃபலோக்காரன்தான் முதலில் இருக்கிறான். "ஒங்கப்பாவுக்கு அவன் மேல என்ன கோவம், பொண்ணு கேட்டு வந்தானா?" என்று கேட்டான். சாவியைத் தொலைக்கிற அணி என்றால் போன வருடம் பஃபலோதானே, அப்பா. உங்கள் கணக்குப்படியே அவன் மேலே இருக்க வேண்டும். அவனை ஏன் கடைசியில் வைத்தீர்கள்?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பச்சை விளக்கை நான் போன சனிக்கிழமைதான் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கினேன். உங்கள் கடிதம் அதற்கு முந்தைய நாளே வந்து சேர்ந்துவிட்டது. அன்று அதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். விளக்கைக் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் வைத்த பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். அன்றிரவு அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தூங்கினேன்.

வராததற்குக் காரணம் இருந்தால் சொல்லுங்கள். மறுபடியும் வானொலிதான் பெரிது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மார்லிஸ்


ஆல்டர் க்ரீக்
ஆகஸ்ட் 12

மார்லிஸ் கண்ணுக்கு,

இதை எழுத வெர்னா மாட்டேன் என்றாள். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "ஹார்லன், பிள்ளைய பயமுறுத்தாத" என்றாள். அவள் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கில் பாதியைத் தின்ற பிறகுதான் மறுபடி பேனாவை எடுத்தாள்.

எனக்கு எழுத்து வராது. அதனால் தலைக்குள்ளேயே எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். ஊரில் மெச்சுவார்கள். எந்த வருடம், எந்த மைதானம், எத்தனை கெஜம் என்று கேட்டால் சொல்வேன். ஆனால் அந்த ஞாபகம் பின்பக்கம் மட்டும் போவதில்லை. சில சமயம் இன்னும் நடக்காத உதையும் அதில் கிடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் பழையதுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரியாது.

உன் அம்மா இறந்த வருடம், கோடையிலேயே எனக்கு ஓர் உதை ஞாபகம் வந்தது. சிகாகோ, மழை, எதிர்க்காற்று. பந்து கம்பத்தில் இடித்து உள்ளே விழுகிறது. அறிவிப்பாளர் இருமுகிறார். உடனே உள்ளறையிலிருந்து நீ "அப்பா" என்று கூப்பிடுகிறாய். அந்தக் குரலை வைத்தே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது உன் அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டியருகே நின்றது ஆட்டத்துக்காக இல்லை. பந்து கம்பத்தில் இடித்து வெளியே விழுந்தால் என் ஞாபகம் பொய், அவள் பிழைப்பாள். அவன் தவறவிட வேண்டும் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் பெட்டியை அணைத்துக்கூடப் பார்த்தேன். அணைத்தால் அங்கே அவன் உதைக்காமல் இருப்பானா. மறுபடி போட்டபோது அறிவிப்பாளர் இருமினார்.

இப்போது இன்னொன்று கிடக்கிறது. டிசம்பர் மாதம், பஃபலோவில் பனி. நாற்பத்தேழு கெஜம். நான் கேட்டுக்கொண்டிருப்பது இந்த அடுப்படியில் இல்லை. ஜன்னலோரக் கட்டில், பச்சை விளக்கு, மேலே கோழிக்கால் போல ஒரு விரிசல். உன் கை என் மணிக்கட்டில். பஃபலோக்காரன் உதைக்கிறான். பந்து நடுவே போகிறது. கூட்டம் கத்த ஆரம்பிக்கிறது. கத்தி முடிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் இல்லை.

அவனை எப்படி மேலே வைப்பேன். நீ அவனை எடுத்தால், அவன் உதைக்கும்போதெல்லாம் உள்ளே போக வேண்டும் என்று நீ வேண்டுவாய்.

அப்பா
X


மினியாபொலிஸ்
ஆகஸ்ட் 17

அப்பா,

உங்கள் கடிதம் வந்ததும் நாற்காலி போட்டு ஏறி அந்த அறையின் மேல்கூரை முழுவதையும் தடவிப் பார்த்தேன். விரிசல் ஏதும் இல்லை. நான் குடிவரும் முன்தான் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். கீழே இறங்கி உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். உங்களுக்கு வயதாகிவிட்டது, ஏதோ கனவு, விளக்கும் தற்செயல். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 18

நேற்றைய கடிதத்தை நான் ஒட்டவில்லை. காலையில் மாடி வீட்டுக்காரர்கள் பியானோ ஒன்றை உள்ளே இழுத்தார்கள். அலுவலகம் போய்த் திரும்பிவந்து பார்க்கிறேன், கட்டில் விரிப்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். மேலே மூன்று கீற்று, பின்னால் ஒரு சிறு கீற்று. கோழியின் கால்தான்.

அன்று வாசலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எத்தனை வருடம் அதை நீங்கள் ஒருவராகச் சுமந்தீர்கள்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். ஒருபோதும் வேண்டாம். அந்த விளக்கைத் தெருவில் வைத்துவிட்டேன், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வேலையை விட்டுவிட்டு நான் அங்கே வருகிறேன். அந்த அறையில் நீங்கள் படுக்காவிட்டால் அது எப்படி நடக்கும்? ஆளெடுப்பு வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. பஃபலோக்காரனை நான் தொடப்போவதில்லை. பதில் போடுங்கள்.

உங்கள்
மார்லிஸ்


ஆல்டர் க்ரீக்
ஆகஸ்ட் 24

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை வெர்னா இரண்டு தடவை வாசித்தாள். "ஒழுங்கா இங்கயே கெட, நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் சரி என்றேன். மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன்.

அந்த மூன்று நாளும் இங்கேயே உட்கார்ந்து, இந்த வீட்டின் வருகிற குளிர்காலத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று. இந்தப் பெட்டியில் அக்டோபர் மாதத்து உதை ஒன்று. அடுப்புக் குழாய் முனகுவது. வெர்னா என் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டே என்னைத் திட்டுவது. நீ இங்கே வந்து உன் பழைய அறையில் இருமுவது. ஒன்றும் இல்லை, மார்லிஸ். மேய்ந்து முடித்த காடுபோல வெறுமையாக இருக்கிறது.

உன் வீட்டுப் பக்கம் திரும்பினால் நிறைய இருக்கிறது. நீ வெங்காயம் கருக விடுகிறாய். மாடியில் யாரோ ஒரே பாட்டைத் தப்பும் தவறுமாக வாசிக்கிறார்கள். டுவைன் வந்து என்னோடு மீன் வறுவல் தின்கிறான், அவன் நீ சொன்ன அளவுக்கு மோசமில்லை. டென்வர்க்காரன் ஒரு திங்கட்கிழமை ஐந்து உதை போடுகிறான், நாம் இருவரும் சிரிக்கிறோம். நீ சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம். எனக்கு இருக்கிற குளிர்காலமே அந்த ஒன்றுதான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

சனிக்கிழமை வெர்னா தன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறாள். வேலையை விடாதே. வேறு விளக்கு வாங்கு, எந்த நிறமானாலும் சரி. அது பச்சையாகத்தான் வந்து சேரும்.

வரிசையை மாற்றிக்கொள். பஃபலோக்காரன் முதலில். டுவைன் கை வைப்பதற்கு முன் எடுத்துவிடு, சிரித்தால் சிரிக்கட்டும். நான் கேட்டவரை இந்த வருடம் அவன் ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குப் போகாதே. பக்கத்தில் உட்கார். பயப்படாதே. அந்த உதைக்கான மூன்று புள்ளியும் உன்னுடையது, ஆகையால் கூட்டம் கத்தி முடிக்கும்வரை பெட்டியை அணைக்காமல் நீ முழுவதையும் கேள்.

அப்பா
X