ஆடிக் காற்றும் பக்ரீத் லீவும்

தூத்துக்குடி,
21.7.86

அன்புள்ள பக்ருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலியும் பிள்ளைகளின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போன வாரம் எங்கள் காற்றாலையைப் பார்க்கப் பெரிய அதிகாரி வந்தார். புகையில்லாத மின்சாரம், இனி வீட்டுக்கு வீடு வெளிச்சம் என்று அவர் பேசும்போதே காற்று நின்றுவிட்டது. "என்னப்பா, சுத்தலையே?" என்றார். என்னுடன் வேலை பார்க்கும் பேயாண்டி, "நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு நிக்குது சார்" என்றான். அதிகாரிக்கு மகிழ்ச்சி.

மறுநாளிலிருந்து சுழற்றி அடிக்கிறது. காற்று உள்ளவரை யாருக்கும் லீவு இல்லையாம். பக்ரீத்துக்கு வருவது சந்தேகம்தான். எல்லாரும் காற்று வேண்டும் என்கிறார்கள்; நான் மட்டும் அது நிற்க துஆ கேட்கிறேன்.

நம் செல்லூரில் கரண்ட் போய் விசைத்தறிச் சத்தம் அடங்கியதும் மொட்டைமாடிக்குப் போவோமே, அப்போது நீ வீசும் பனையோலை விசிறியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. மணலுக்குப் பயந்து கொட்டகையைச் சாத்திப் படுக்கிறோம், உள்ளே வேக்காடு. எங்களுக்கு இன்னும் கரண்ட் இணைப்பு தரவில்லை. உன் தம்பி பாதுஷாவிடம் இதைச் சொல்லாதே, சிரிப்பான்.

தபால்காரர் நிற்கிறார். அங்கே கரண்ட் போனால் திட்டாதே. இங்கே காற்று நின்று, நான் பஸ் ஏறிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நூருல் அமீன்