சுகிர்தம் டீச்சரின் இடம்

ராயபுரம்
2.6.2025

அன்புள்ள சுகிர்தம்,

நலம்தானே? போனில் பேசினால் பக்கத்தில் மகன் அலெக்ஸாண்டர் இருப்பானோ என்று நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். கொருக்குப்பேட்டை பால்வாடியில் உன் டீச்சர் இடத்தை, நீ பேரனைப் பார்த்துக்கொண்டு திரும்பி வரும்வரை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். அது கைவிட்டுப் போகக் கூடாதென்று கதை நேரத்துக்கு நானே போகிறேன். உன் படக்கதைகளில் ‘கொக்கு வீட்டுக் கல்யாணம்’ வாசித்தேன். தலைப்பு, பதிப்பித்த ஆண்டு, பிறகு கதை, ஒன்றும் விடவில்லை. ஆனாலும் பிள்ளைகள் கூட்ஸ் வண்டி பார்க்க ஜன்னலுக்கு ஓடிவிட்டார்கள். ரூஹி மட்டும் நின்று, “இன்னா தாத்தா, ரேஷன் கடைல பேர் கூப்புடற மாதிரியே படிச்சிகினு கீற?” என்றாள். எனக்கு இது வராதோ?

உன் லியோனார்ட்

கோயம்புத்தூர்
9.6.2025

அலெக்ஸாண்டர் அப்பாவுக்கு,

படித்துச் சிரித்ததில் மருமகள் ஜூடி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். புத்தகத்தை உங்கள் முகத்துக்கு நேராகத்தானே பிடித்தீர்கள்? பிள்ளைகளுக்கு அட்டைதான் தெரிந்திருக்கும். படம் அவர்கள் பக்கம் இருக்கட்டும். எழுத்தை விடுங்கள். “இது யாரு, எங்க போவுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும்; நடுவில் பேசிவிடாதீர்கள்.

பேரனுக்குப் பல் முளைக்கிறது. மாத்திரை போடுகிறீர்களா?

சுகிர்தம்

ராயபுரம்
16.6.2025

அன்புள்ள சுகிர்தம்,

இன்று திருப்பிப் பிடித்தேன். எழுத்து கண்ணில் படாமல் பயமாகத்தான் இருந்தது. திடீரென்று சாவியோ என்ற பையன், “கொக்கு மீனுக்குப் பத்திரிகை வைக்குது! டேய், போவாத, கொயம்பே நீதான்!” என்று கத்தினான். ஜன்னலில் நின்றவர்களெல்லாம் வந்துவிட்டார்கள்.

பொறுப்பாளர் ஆவுடையம்மாள், “டீச்சர் வருவாங்களா, மாட்டாங்களா? கரீட்டா சொல்லிடுங்க சார்” என்றார். ஜூலையில் வந்துவிடுவாய் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்போ?

உன் லியோனார்ட்

கோயம்புத்தூர்
24.6.2025

அலெக்ஸாண்டர் அப்பாவுக்கு,

நான் வரவில்லை. பேரனைச் சாக்குச் சொல்ல மனமில்லை. மாலையில் இங்கே மாடிப்படி அடியில் பிள்ளைகளைச் சேர்த்துக் கதை சொல்கிறேன். அவர்கள் அம்மாமார்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டில் எனக்கு ஒரு குறையும் நீங்கள் வைக்கவில்லை. ஆனால் பால்வாடியில் இன்று என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறீர்கள், சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வீட்டு அமைதிக்குத் திரும்ப முடியாது. என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். கோபமில்லை.

சுகிர்தம்

ராயபுரம்
2.7.2025

அன்புள்ள சுகிர்தம்,

ஆவுடையம்மாளிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மதி என்றொரு பெண் வேலைக்குச் சேருகிறாள். கதைக்கு மட்டும் நான் வரலாமாம்.

ஒரு சந்தேகம். உன்னைத் தவிர யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. எல்லா மீனும் கல்யாணத்துக்குப் போனபின் குட்டி மீன் மட்டும் குளத்தில் நிற்கும் பக்கம் வந்தது. ரூஹி அழுதுவிட்டாள். புத்தகத்தை மூடுவதா, அடுத்த பக்கம் போவதா என்று புரியாமல், மணி அடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் நீ என்ன செய்வாய்?

லியோனார்ட்