நான்கு, ஏழு, பதினொன்றாம் சாம்பிள்கள்

இன்று காலையும் லேப் கம்ப்யூட்டரைத் திறந்ததும் உன் பெயர்தான் வந்தது. நீ போய்ப் பதினோரு மாதமாகிறது, யாரும் மாற்றவில்லை. ஐ.டி. பிரிவுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். உன் மகள் பெயரைப் பாஸ்வேர்டாகத் தட்டித்தான் மூன்று ஷிப்ட் ஆட்களும் இன்னமும் உள்ளே போகிறோம். ஒரகடம் தொழிற்பேட்டை முழுக்க ரோபோ ஓடுகிறது, ஒரு லாகினை மாற்ற ஆள் இல்லை. நீ இருந்தபோதும் இப்படித்தான். உன் பெயரில் திறந்து கிடக்கும், யார் வந்து உட்கார்ந்தாலும் அதிலேயே வேலை செய்வோம். அதில் வந்த வினையைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கேன்டீனில் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வேன். "உன் நிழலே உன் பின்னாடி வரணும்னா ஐடி கார்டு காட்டணும்டி" என்று நீ எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வாய். சிரிப்பேன், ஆனால் யார் யார் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்வேன்.

நம் வேலை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். இன்ஜினுக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டை மெஷினில் மாட்டி, விரிசல் விடும்வரை ஆட்ட வேண்டும். எத்தனையாவது ஆட்டத்தில் விட்டது என்று எக்செலில் போட்டு, சராசரி பார்த்து, அதை வேர்டில் ஒட்டி அனுப்புவோம். ஆறு மாதம் கழித்து, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எல்லாரும் முழிப்போம். நீ வந்து அதை மாற்றினாய். எழுத்தும் கணக்கும் ஒரே கோப்பில் இருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் மெஷினின் அசல் பதிவிலிருந்து ரிப்போர்ட் முழுவதும் மறுபடி தயாராகிவிடும். அதோடு கிட் என்று ஒரு புரோகிராமையும் கொண்டுவந்தாய். எந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார்கள் என்று அது பதிந்து வைத்துக்கொள்ளும்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. யாரைப் பிடிக்க இந்தப் பொறி, மேனேஜர் சொல்லிச் செய்கிறாயா என்று டீ டைமில் நேராகவே கேட்டேன். நீ வடையை மென்றுகொண்டே சொன்னாய்.

"உன்ன புடிக்க இல்லடி. நாளைக்கு என்ன நானே நம்பணும் இல்ல, அதுக்கு."

அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்வாய். காலியாக விட்டால் அந்தப் புரோகிராம் ஏற்காது. எனக்கு வீம்பு, ஒரே ஒரு புள்ளியைத் தட்டுவேன், அதற்கு அதுவே போதும். நீ கண்டுபிடித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் மாற்றினேன் என்று என்னைத் துருவிக் கேட்டு, நீயே எழுதி வைப்பாய். என்னைத் தவிர வேறு யாரும் இப்படி வெறும் புள்ளி வைத்ததில்லை. மற்றவர்கள் நீ சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

அப்புறம் ஒரு காய்ச்சல், பத்தே நாள். சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டுத் தெருவில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. உன் வீட்டுக்காரரோடு பஸ் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் அழுதேன். உனக்குப் போட்ட ஊசி சரியான ஊசிதானா என்றும் யோசித்தேன். என் புத்தி அப்படி.

போன மாதம் கஸ்டமரிடமிருந்து மெயில் வந்தது. நாம் பாஸ் போட்டு அனுப்பிய ரப்பர், ஓடுகிற வண்டிகளில் சீக்கிரமே விரிசல் விடுகிறதாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் திரும்ப ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஓட்டினேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட மாறாமல் அதே சராசரி வந்தது. அது சரியாக வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வரி வரியாகப் படித்தேன். டெஸ்ட் செய்தது பன்னிரண்டு சாம்பிள். கணக்கில் இருந்தது ஒன்பது. நான்கு, ஏழு, பதினொன்றை விட்டுவிடு என்று நடுவில் ஒரு வரி இருந்தது. அதை நீக்கிவிட்டு ஓட்டினால் ரப்பர் ஃபெயில்.

முதலில் மேனேஜர் மேல்தான் சந்தேகப்பட்டேன். அந்த வரியை எழுதியது யார் என்று கம்ப்யூட்டரையே கேட்டேன். உன் பெயரைக் காட்டியது.

உன் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு நீ இதைச் செய்தாயா என்று கொதித்தேன். உனக்கு சீனியர் பதவி வந்தது அந்தச் சமயம்தானே என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையையும் காட்டினேன். மறுநாள் காலைக்குள் எல்லா பஸ்ஸிலும் அதுதான் பேச்சு. செத்துப்போன மேடம் டேட்டாவை மாற்றியிருக்கிறாராம் என்று, உன் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

இரண்டு நாள் கழித்து, கஸ்டமருக்குப் பதில் எழுதுவதற்காக அந்த மாற்றத்தின் முழுப் பதிவையும் திறந்தேன். நாள், வெள்ளிக்கிழமை; நேரம், இரண்டாவது ஷிப்ட். அன்றைக்கு நீ லீவு. மணிமங்கலத்தில் உன் நாத்தனார் வளைகாப்பு. கை நிறைய வளையலோடு நீ அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த ஷிப்டில் லேப்பில் இருந்தது நான் ஒருத்திதான். காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தது.

அது என் புள்ளி. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போனவங்க பேர்லதான கீது. அப்டியே இருந்துட்டுப் போவட்டும்மா. அவங்களுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க அதை மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். என் வேலை, என் வீட்டு லோன், என் பையன் காலேஜ் எல்லாம் உன் பெயருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் பன்னிரண்டு சாம்பிளையும் சேர்த்து ரிப்போர்ட்டை ஓட்டி, அந்த மூன்றையும் விடச் சொன்ன வரியைப் போட்டது நான் என்று என் பெயரில் எழுதி, கஸ்டமருக்கும் மேனேஜருக்கும் ஒன்றாக அனுப்பினேன். நல்லவள் என்பதால் அனுப்பவில்லை. எப்படியும் உன் வீட்டுக்காரர் பஸ்ஸில்தானே தினம் ஏற வேண்டும்.

அடுத்த நாள் காலை கேட்டில் எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, பின்னால் பேசுவது பொய், செய்தது நான், உன் பெயரை மேனேஜரிடம் கொடுத்ததும் நான் என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"அவ பண்ணலன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க ஏன் அந்த மூண எடுத்தீங்க?"

சாம்பிளைப் பிடிக்கிற கிளாம்ப் அன்றைக்கு நழுவியிருக்கலாம். அப்படியென்றால் அந்த மூன்றையும் எடுத்தது சரி. அல்லது லாரி கேட்டில் நின்றிருக்கலாம், மேலிருந்து போன் வந்திருக்கலாம், நானும் பாஸ் வந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். இரண்டும் நடக்கிற லேப்தான் அது. எது நடந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. மெஷின் பதிவைத் தேடினேன், ஷிப்ட் நோட்டைப் புரட்டினேன், அன்றைக்கு மற்ற ஷிப்டுகளில் இருந்தவர்களைக் கேட்டேன். தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், எனக்கும் தெரியவில்லை.

வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த லாட் ரப்பர் முழுவதையும் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். உன் மேல் எனக்கு இருந்த சந்தேகம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது, நீ எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனதால். என் மேல் எனக்கு வந்திருக்கும் சந்தேகத்தைத் தீர்க்க எங்கும் ஒரு வரிகூட இல்லை. ஏமாற்றினாயா என்று அவர்கள் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லப்போகிறேன். அது உண்மையான பதில். நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.