ஹாரன் அடிக்காமல் போகிற அண்ணனுக்கு

"வூட்ல மனசு வுட்டுப் பேச உனக்கு யாரு இருக்காங்க கண்ணு?"

அண்ணா, நான் சாகப் பார்த்துப் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸம்மா இப்படிக் கேட்டார். "எங்கண்ணன் இருக்குதுங்க" என்றேன். பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகு நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் உன்னோடுதானே.

இன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவோடு தருமபுரி போகிறேன். களி சட்டியில் இருக்கிறது. அவரைக்கொட்டைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். சாவியை ஆட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கிறேன்.

"அவகிட்ட எதையும் கேக்காத, கெளறாத" என்று பெரியம்மா உன்னிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதனால்தானே பேச மாட்டேன் என்கிறாய்? முன்பெல்லாம் தொப்பூரிலிருந்து லாரி ஓட்டி வரும்போது நம் ஊர் முனையில் எனக்காக ஹாரன் அடிப்பாய். வீட்டுக்கு வந்ததும், "ஏ ஊமக்கோட்டான், இன்னிக்காவது வாயத் தொறந்தியா?" என்பாய். இப்போது ஒவ்வொரு லாரிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் லாரி சத்தமில்லாமல் போய்விடுகிறது.

கேள் அண்ணா. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேள். திட்டினாலும் சரி. நீ கேட்டால் சொல்லிவிடுவேன். இதற்கடுத்த முறை உன்னையும் கூட்டிவரச் சொன்னார் நர்ஸம்மா. வருவாயா?

மாதம்மாள்

பி.கு. எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ வந்துவிட்டாய். தாளைக் கையால் மூடிக்கொண்டேன். நீ பார்த்தாய். என் செருப்பின் அறுந்த வாருக்கு ஊக்கு மாட்டி, வாசலில் எடுத்து வைத்துவிட்டு லாரிக்குப் போய்விட்டாய்.