கோட்டைக்குள்ளே பேண்டேஜ் இருந்ததா

செவ்வாய், இரவு.

பட்டாளத்தில், எல்லையில் இருக்கும் மகனிடமிருந்து இன்றும் போன் வரவில்லை. அங்கே சண்டை என்று டிவியில் ஓயாமல் சொல்கிறார்கள்.

காலையில் பள்ளிக்கூடப் பிரேயரில் 'வரலாற்றில் இன்று' வாசிப்பது என் முறை. முன்கூட்டிப் படித்துப் பார்க்காமலே மைக் முன்னால் போய் நின்றுவிட்டேன். ஒரு தலைவரின் பிறந்தநாள், ஒரு ரயில் பாதையின் திறப்பு விழா. அடுத்து, இடைக்காலத்தில் எங்கோ ஓர் எல்லைக் கோட்டையைப் படை சூழ்ந்து பட்டினி போட்ட நாள். உள்ளே ஒருவரும் மிஞ்சவில்லை என்றது கடைசி வரி. அந்த வரியை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

வகுப்பில் மாரியம்மாள் எழுந்து நின்றாள். "டீச்சர், எங்கம்மா ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனிக்குப் போறாவ. அந்தக் கோட்டைக்குள்ள அடிபட்டவியளுக்கு பேண்டேஜ் கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சும்மா."

"அம்புட்டுப் பேருக்குமா?"

"அம்புட்டுப் பேருக்கும். எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சற்றுமுன் இவர் கட்டிலில் படுத்தபடியே, "பய போன் பண்ணுனானா?" என்று கேட்டார்.

"பண்ணுனான். நல்லா இருக்கானாம்" என்றேன்.

உடனே குறட்டை கேட்டது. அவருக்குச் சொல்ல நான் இருக்கிறேன். எனக்கு யார் வந்து சொல்வது?