மொட்டைக் குச்சியைப் பிடுங்கிடாதீங்க

என்னங்க,

புதுச் செடி வாங்க சமயநல்லூர் நர்சரிக்குப் போகாதீங்க. இலையில கரும்புள்ளி விழுந்துச்சுன்னு நீங்க மொட்டையடிச்ச ரோஸ் சாகல. துணி காயப்போடப் போனப்பப் பாத்தேன், செவப்பாத் துளிர்த்திருக்கு. ஒட்டுக்கட்டுன எடத்துக்கு மேலதான். அதுக்குக் கீழ, அடிக்குச்சியில துளிர்த்திருந்தா காட்டு ரோஸாப் போயிருக்கும். அப்பாடான்னு அங்கனயே உக்காந்துட்டேன்.

தண்ணிய தூர்ல மட்டும் ஊத்துங்க. இலை நனைஞ்சா இந்தப் புழுக்கத்துக்கு மறுபடியும் புள்ளி வந்துரும்.

புளிக்கொழம்பு அடுப்பு மேல இருக்கு. வெளிய போனா சாவிய மீட்டர் பெட்டி மேல வைங்க.

"செடியக் கொன்னுட்டீங்க"ன்னு கத்துனத வாபஸ் வாங்கிக்கிறேன். என்னைய ஒரு வார்த்தை கேக்காம வெட்டுனீங்களே, அந்தக் கோவம் அம்புட்டும் அப்படியேதான் இருக்கு.

முத்துமீனா

சாயந்தரம் சீக்கிரம் வாரேன். தனித்தனியா டீ குடிச்சது போதும், எனக்கும் சேத்துப் போடுங்க. செடி பக்கத்துலயே குடிப்போம்.